அறியாமல் படரும் இருள்

நுழையும்முன்

பார்வை மங்குவதை, மங்கியவரைக் காட்டிலும் உடனிருப்பவரே முதலில் உணர்கின்றனர். ஊர்தோறும் பள்ளிதோறும் நடைபெறும் கண் பரிசோதனை முகாம்களில் வெளிப்படும் நோய்கள் எவை? அவை அதுவரை மறைந்திருந்தது எவ்வாறு? தமிழ்நாட்டுக் கண் மருத்துவ வரலாற்றோடு இணைத்து இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

முள் தைத்தால் கால் சொல்லிவிடும். பசித்தால் வயிறு சொல்லிவிடும். பல்லில் சிறு குழி விழுந்தாலும் அஃது இரவெல்லாம் உறங்கவிடாது. கண்ணைப் பற்றும் நோய்களுள் பல இவ்வாறு தம்மை அறிவித்துக்கொள்வதில்லை. வலி தோன்றாது, கண் சிவக்காது, நீர் வடியாது. விளக்கின் திரியை எவரோ ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக உள்ளிழுப்பதைப் போலப் பார்வை குறையும். குறைந்த ஒளிக்கு மனம் பழகிக்கொள்ளும். மேலும் மனிதனுக்குக் கண்கள் இரண்டு. ஒன்று பழுதுபட்டால் மற்றொன்று அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும். ஒரு கண்ணில் பார்வையே இல்லாத ஒருவர், தற்செயலாக மறு கண்ணில் தூசி விழுந்து அதைக் கசக்கும்போதுதான் உண்மையை உணர்வதுண்டு.

பிறந்தது முதல் மங்கலாகவே காணும் குழந்தையின் நிலை இன்னும் நுட்பமானது. தெளிவு எவ்வாறு இருக்கும் என்பதே அக்குழந்தைக்குத் தெரியாது. மரம் என்பது அதற்குப் பச்சைநிறத் திரள். அத்திரளில் தனித்தனி இலைகள் தெரியவேண்டும் என்று எவரும் அதற்குக் கூறியதில்லை. ஆதலால் அது முறையிடுவதில்லை.

முறையீடு இல்லாத நோய்க்காக மருத்துவர் தம் அறையில் காத்திருந்து பயனில்லை. நோயைத் தேடி அவர் ஊருக்குள் செல்லவேண்டும். உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உண்டு என்றும், அவர்களுள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019 ஆம் ஆண்டின் அறிக்கையில் கூறியது. ஊர்ப் பொதுவிடத்திலும் பள்ளி வளாகத்திலும் நடைபெறும் கண் பரிசோதனை, அந்த நூறு கோடியை நோக்கிய முதல் அடி.

ஆறு மீட்டர் தொலைவில் ஓர் அட்டை

முகாமின் முதற்கட்டச் சோதனைக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. ஓர் அளவுநாடா, ஒரு கைவிளக்கு, எழுத்துகள் அச்சிட்ட ஓர் அட்டை, ஊசித்துளையிட்ட ஒரு கறுப்புத் தகடு ஆகியவை போதும். இன்று வழங்கும் அட்டைகளுக்கு மூலம், நெதர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன் 1862 ஆம் ஆண்டில் உருவாக்கியது. அதன் மேல்வரிசை எழுத்தின் உயரம் ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர். கீழே செல்லச் செல்ல எழுத்துகள் சிறுத்து, நலமான கண் படிக்கவேண்டிய வரிசையில் ஒன்பது மில்லிமீட்டர் அளவினதாகிவிடும். ஆறு மீட்டர் தொலைவில் நின்று அவ்வரிசையைப் படித்தால் பார்வை 6/6. ஒருவருக்கு 6/18 என்று எழுதினால், நலமான கண் பதினெட்டு மீட்டர் தொலைவிலிருந்தே படித்துவிடும் எழுத்தை அவர் ஆறு மீட்டருக்கு நெருங்கி வந்தே படிக்கிறார் என்று பொருள்.

சோதனை எளிது எனினும் அதைச் செய்வதில் நுணுக்கம் உண்டு. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் படிக்கச் செய்யவேண்டும். இரண்டையும் திறந்து படித்தால் பழுதுற்ற கண் நல்ல கண்ணின் மறைவில் தப்பிவிடும். விரல்களால் மூடும் குழந்தை இடுக்கின் வழியே எட்டிப் பார்க்கும். ஆகவே உள்ளங்கையால் மூடவேண்டும். அழுத்தி மூடினாலோ அக்கண் சற்று நேரம் கலங்கித் தவறான விடை தரும். வரிசையில் நிற்கும்போதே முன்னவர் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளும் கெட்டிக்காரர்களும் உண்டு. எழுத்தறியாதவர்க்காக ஆங்கில ‘ஈ’ வடிவத்தை நான்கு திசைகளிலும் திருப்பி அச்சிட்ட அட்டை உள்ளது. அதன் கால்கள் எப்பக்கம் நோக்குகின்றன என்று விரலால் காட்டினால் போதும்.

எழுத்து தெரியவில்லை என்றவுடன் ஊசித்துளைத் தகடு கைக்கு வரும். அதன் வழியே நோக்கும்போது கண்ணுக்குள் புகும் ஒளிக்கற்றை குறுகுவதால், குவிதலில் உள்ள பிழை குறைந்துவிடும். துளை வழியே எழுத்து தெளிந்தால் அது பெரும்பாலும் கண்ணாடியால் தீரும் குறை. தெளியாவிட்டால் கண்ணின் உள்ளே வேறு நோய் இருக்கலாம், மருத்துவர் பார்த்தாகவேண்டும். சிறு தகட்டில் இடப்பட்ட ஒரு துளை, வந்தவர்களை இரு வரிசைகளாகப் பிரித்துவிடுகிறது.

கரும்பலகைக்கும் கண்ணுக்கும் இடையில்

பள்ளிப் பரிசோதனையில் மிகுதியாக வெளிப்படுவது ஒளிவிலகல் பிழை. வளர்ந்தவரின் விழிக்கோளம் முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுடையது. அது ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டுவிட்டாலே ஏறத்தாழ மூன்று டயாப்டர் அளவுக்குக் கிட்டப்பார்வை உண்டாகும். தொலைவுப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னரே விழுந்துவிடும். கரும்பலகை எழுத்துகள் சாம்பல்நிறக் கீற்றுகளாகத் தோன்றும். விழிக்கோளம் குட்டையாக இருப்பின் தூரப்பார்வை ஏற்படும். கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாவிடில் சிதறல் பார்வை ஏற்படும்.

நோய் என்று சொல்லத் தயங்குமளவு எளிய குறை இது. ஆயினும் கண்டறியப்படாதபோது இதன் விலை பெரிது. பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதத் தெரியாதவன் என்று ஒரு மாணவன் பெயர் வாங்குகிறான். பக்கத்திலிருப்பவர் ஏட்டைப் பார்த்து எழுதுவதற்காகத் தண்டிக்கப்படுகிறான். பாடத்தில் ஆர்வம் குன்றிக் கடைசி இருக்கைக்குச் செல்கிறான். அங்கிருந்து பலகை இன்னும் தொலைவு. அவனுடைய அறிவைப் பற்றி ஊரும் வீடும் கொண்ட முடிவை அவனே நம்பத் தொடங்கிவிடுகிறான். கண்களைச் சுருக்கிப் பார்த்தல், புத்தகத்தை முகத்தருகே பிடித்தல், தலையைச் சாய்த்து நோக்குதல், மாலையில் தலைவலி ஆகியன ஆசிரியர் கண்ணில் படவேண்டிய அறிகுறிகள். மாணவர்களின் பார்வையைச் சோதித்துக் கண்ணாடி வழங்குவதற்காகத் தமிழ்நாடு அரசு 2009 ஆம் ஆண்டில் ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது.

கண்ணாடி கிடைத்தபின்னும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. கேலிக்கு அஞ்சிப் பைக்குள்ளேயே வைத்திருப்போர் உண்டு. பெண்பிள்ளை கண்ணாடி அணிந்தால் திருமணம் தடைபடும் என்று கழற்றி வைக்கச் சொல்லும் வீடுகளும் உண்டு. கண்ணாடி அணிந்தால் பார்வை மேலும் கெடும் என்பது மற்றொரு தவறான நம்பிக்கை. வளரும் வயதில் விழிக்கோளமும் நீள்வதால் கண்ணாடியின் எண் கூடுகிறது, அணிவதால் கூடுவதில்லை. பகலொளியில் நாள்தோறும் இரண்டு மணி நேரமேனும் வெளியில் விளையாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை தோன்றுவது தள்ளிப்போகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. விளையாட்டுப் பாடவேளையைப் பிற பாடங்களுக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கமுடைய பள்ளிகள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

குழந்தைகளிடம் காணும் மற்றொரு குறையைத் தள்ளிப்போட இயலாது. ஒரு கண் மாறுகண்ணாகவோ, மற்றதைவிட மிகுந்த பிழையுடையதாகவோ இருந்தால், மூளை அக்கண் அனுப்பும் தெளிவற்ற பிம்பத்தை ஒதுக்கத் தொடங்கும். நாளடைவில் அக்கண்ணைப் பயன்படுத்துவதையே கைவிட்டுவிடும். இதனைச் சோம்பல் கண் என்பர். நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைத்து, சோம்பிய கண்ணைப் பார்க்கப் பழக்குவது இதற்குரிய மருத்துவம். ஏழெட்டு வயதுக்குள் தொடங்கினால் நல்ல பயன் கிட்டும். வயது ஏற ஏறப் பயன் குறையும். மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று போற்றி விட்டுவிடும் வழக்கத்தால் இழக்கப்பட்ட பார்வை கொஞ்சமன்று.

‘புரை முற்றட்டும்’

ஊர்ப் பொது முகாமில் வரிசையில் நிற்பவருள் பெரும்பாலோர் முதியவர். அவர்களைப் பற்றிய நோய்களுள் முதன்மையானது கண்புரை. விழிலென்சில் உள்ள புரதங்கள் வயது காரணமாகத் திரிந்து, கண்ணாடி போலிருந்த லென்சு பால்படிந்தது போலாகிவிடும். நீரிழிவு, புகைப்பழக்கம், கண்ணில் பட்ட அடி, ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் பயன்படுத்துதல் ஆகியவை அதை விரைவுபடுத்தும். இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடைபெற்ற தேசியக் கணக்கெடுப்பின்படி, ஐம்பது வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குக் கண்புரையே காரணம்.

கண்புரை சிலரிடம் நன்மை போலவும் வேடமிடும். லென்சின் நடுப்பகுதி இறுகும்போது கண்ணுக்குக் கிட்டப்பார்வை உண்டாவதால், பல்லாண்டு வெள்ளெழுத்துக் கண்ணாடி அணிந்திருந்த முதியவர் திடீரென அதன்றியே செய்தித்தாள் படிப்பார். பார்வை திரும்பிவிட்டதென வீட்டார் மகிழ்வர். உண்மையில் அது புரை வளர்வதன் அடையாளம்.

‘புரை நன்றாக முற்றட்டும், பிறகு எடுக்கலாம்’ என்பது இன்றும் கேட்கும் சொல். முன்னாளில் லென்சு முழுவதையும் அதன் உறையோடு வெளியே எடுத்தனர். முற்றிய புரையை எடுப்பது அப்போது எளிதாக இருந்தது. அறிவுரை அக்காலத்துக்குப் பொருத்தமானதே. மருத்துவம் மாறிய பின்னும் சொல் மட்டும் நின்றுவிட்டது. இன்று மிகவும் முற்றவிட்டால் லென்சு வீங்கியோ கசிந்தோ கண்ணின் அழுத்தத்தைக் கூட்டி, மீட்கக்கூடிய பார்வையை மீட்க இயலாததாக்கிவிடும்.

லென்சை எடுத்துவிட்ட கண்ணுக்கு அக்காலத்தில் ‘சோடாபுட்டி’ என்று சிறுவர் கேலி செய்யும் தடித்த கண்ணாடியே துணை. அது உடைந்தால் மீண்டும் இருள். 1949 ஆம் ஆண்டில் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்னும் மருத்துவர் முதன்முதலாகச் செயற்கை லென்சைக் கண்ணுக்குள்ளேயே பொருத்தினார். போரில் விமான ஓட்டிகளின் கண்ணில் தெறித்துத் தங்கிய அக்ரிலிக் சில்லுகள் கண்ணை உறுத்தாமல் இருந்ததைக் கண்டு அவருக்கு அவ்வெண்ணம் எழுந்தது. ஆனால் அந்த லென்சு இந்தியச் சிற்றூரின் ஏழை முதியவரை அடைய நெடுங்காலம் ஆயிற்று. இறக்குமதி லென்சின் விலை அவருக்கு எட்டாதது. 1992 ஆம் ஆண்டில் மதுரையில் ஆரோலேப் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டு, லென்சு உள்நாட்டிலேயே பெருமளவு குறைந்த விலையில் செய்யப்பட்ட பின்னரே நிலைமை மாறியது.

அம்மாற்றத்தின் பின்னால் நின்றவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரத்தில் 1918 ஆம் ஆண்டில் பிறந்தவர். மருத்துவம் பயின்று இராணுவத்தில் பணியாற்றியபோது கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது, விரல்கள் கோணிப்போயின. அவ்விரல்களால் கத்தியைப் பிடிக்கத் தாமே பழகிக் கண் அறுவை மருத்துவரானார். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த ஆண்டுகளில் ஊர் ஊராக முகாம்கள் நடத்தினார். பணி ஓய்வு பெற்றபின், 1976 ஆம் ஆண்டில், பதினொரு படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கோணிய அந்த விரல்கள் செய்த கண் அறுவைகள் ஒரு இலட்சத்துக்கும் மேல்.

தெரிந்து தெளிவோம்

தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் கண்நோயாளிகளின் நிலையும் அவர்களுக்கு அளித்த மருத்துவமும் வண்ண ஓவியங்களோடு பதிவு செய்யப்பட்டன. அப்பதிவுகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் தொடக்கம் 1819. உலகின் பழமையான கண் மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. கண் சிவந்து பீளை கட்டும் தொற்றுநோய்க்கு ‘மெட்ராஸ் ஐ’ என்னும் பெயர் வந்தது, 1918 இல் சென்னையில் அது ஆராய்ந்து கூறப்பட்டதனால்.

மீளாத இழப்புகள்

புரையால் மறைந்த பார்வை அறுவையால் மீளும். கண் நீர் அழுத்த நோயில் அந்த ஆறுதல் இல்லை. கண்ணுக்குள் இடைவிடாது சுரந்து வடியும் நீரின் வடிகால் தடைபடும்போது அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைச் சிதைக்கிறது; சிலருக்கு அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு சிதைவதுண்டு. ஒரு கண்ணின் நரம்பில் ஏறத்தாழ பத்து இலட்சம் இழைகள் உள்ளன. அவை ஓரப் பார்வைக்குரிய பகுதியிலிருந்து ஒவ்வொன்றாக மடியும். நேர்ப் பார்வை கடைசிவரை தெளிவாகவே இருக்கும். எழுத்து அட்டையில் 6/6 படித்துவிட்டு, வெளியே செல்லும்போது வாசற்படியிலோ ஆள்மேலோ இடித்துக்கொள்பவரை முகாமில் காணலாம். தமிழ்நாட்டில் நடந்த ஆய்வுகளில், இந்நோய் உடையவராகக் கண்டறியப்பட்டோருள் பத்தில் ஒன்பது பேருக்கு அதுவரை தமக்கு நோய் இருப்பதே தெரியாது. அட்டை மட்டும் கொண்டு நடத்தும் முகாம் இந்நோயைத் தவறவிடும். கண்ணின் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சேர்த்துச் சோதிக்கவேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருப்பின், நாற்பது வயதுக்குமேல் பரிசோதனையைத் தள்ளிப்போடக்கூடாது. இழந்ததை மீட்க மருந்தில்லை. எஞ்சியதைக் காக்கவே சொட்டு மருந்தும் அறுவையும் உதவும்.

நீரிழிவு விழித்திரை நோயும் இத்தகையதே. உயர்ந்த சர்க்கரை அளவு விழித்திரையின் நுண்குழாய்களை நலியச் செய்கிறது. அவை கசியும், அடைபடும், பின்னர் வலுவற்ற புதுக்குழாய்கள் முளைத்து உடைந்து குருதி கொட்டும். அதுவரை நோயாளிக்கு எதுவும் தெரிவதில்லை. நீரிழிவு உடையவர் பார்வை நன்றாக இருக்கும்போதே ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்வது இதனால்தான் வற்புறுத்தப்படுகிறது. விழித்திரையை ஒளிப்படம் எடுத்து, அப்படத்தைக் கணினியே படித்து நோய் உண்டா இல்லையா எனக் கூறும் முறையும் இன்று வந்துள்ளது.

வயலிலும் அடுப்படியிலும்

கதிரடிக்கும்போது தெறிக்கும் நெல், கரும்புச் சோகை, முள், மண் இவை கருவிழியைக் கீறினால் சிறு காயம் உண்டாகும். மதுரையில் 1990களில் நடந்த ஆய்வொன்றில், கருவிழிப் புண்ணோடு வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் முன்னதாகக் கண்ணில் காயம்பட்டவர்கள். பெரும்பாலும் உழவுத் தொழிலில் நேர்ந்த காயங்கள். பாக்டீரியாத் தொற்றுக்குச் சமமாகப் பூஞ்சைத் தொற்றும் அவர்களிடம் காணப்பட்டது. காயத்தில் தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் பிழிவது கனிவான எண்ணத்தோடு செய்யப்படுவதே. ஆனால் அதனோடு கிருமிகளும் உள்ளே போகின்றன. கேட்டவர் சொன்ன சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி இடுவதும் அதே அளவு தீங்கானது. ஸ்டீராய்டு கலந்த மருந்தெனில் பூஞ்சை பெருகிக் கருவிழி வெண்தழும்பாகும். பின்னர் இறந்தவர் ஒருவரின் கண்தானத்தால் கிடைக்கும் கருவிழியே வழி. அதையும் இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாகவேண்டும்.

மாலைக்கண் நோய் இன்று அருகிவிட்டது. விழித்திரை மங்கிய ஒளியில் காண்பதற்கு வைட்டமின் ஏ தேவை. அது குறைந்த குழந்தை அந்தியில் தடுமாறும். விழிவெண்மையில் சோப்பு நுரை போன்ற புள்ளி படியும். கவனிக்காவிடில் கருவிழியே கரைந்துவிடும். குறைபாட்டின் கேடு கண்ணோடு நில்லாது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் ஏறத்தாழ 15,000 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ அளித்து நடத்திய ஆய்வு 1990 இல் வெளிவந்தது. அப்பிரிவில் குழந்தை இறப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. அந்தியில் இடறி விழும் குழந்தை, உயிருக்கே வரவிருக்கும் ஆபத்தைத் தெரிவிக்கிறது. வீட்டுக் கொல்லையில் நிற்கும் முருங்கையின் கீரை அச்சத்துக்குரிய நல்ல மூலங்களுள் ஒன்று.

முகாமுக்கு வராதவர்

முகாம் கட்டணமற்றது. மருத்துவர் ஊருக்கே வந்துவிட்டார். இனி எல்லாரும் வந்துவிடுவர் என்றே முதலில் எண்ணப்பட்டது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வொன்று 1999 ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அந்நம்பிக்கை ஆட்டம் கண்டது. கண் மருத்துவம் தேவைப்பட்டோருள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட முகாமுக்கு வந்திருக்கவில்லை. அறுவையை எண்ணி அச்சம். அழைத்துச் செல்ல ஆளின்மை. ஒரு நாள் கூலி இழப்பு. ‘இந்த வயதில் எனக்கெதற்கு’ என்னும் தயக்கம். கட்டணமின்மை மட்டும் போதவில்லை.

முன்னர்ப் பள்ளிக் கட்டடங்களிலும் மண்டபங்களிலும் நடந்த அறுவைகள், தொற்றைத் தவிர்க்க மருத்துவமனைக்கே மாற்றப்பட்டிருந்தன. அதனால் நோயாளி ஊரைவிட்டுச் செல்லவேண்டியதாயிற்று. முகாமில் தேர்ந்தெடுத்தவர்களை அன்றே பேருந்தில் ஏற்றிச் சென்று, உணவும் தங்குமிடமும் தந்து, அறுவை முடித்து ஊரிலேயே கொண்டுவந்து விடும் முறை அதனால் வழக்கத்துக்கு வந்தது. ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்று சொல்லி அனுப்பியவருள் பலர் திரும்பி வருவதில்லை என்பது முகாம் நடத்துவோர் அனுபவத்தில் கண்டது. ஓராண்டில் சில நாள் மட்டும் வரும் முகாமுக்கு மாற்றாக, ஊர்ப்புறங்களில் ஆண்டு முழுவதும் இயங்கும் பார்வை மையங்களும் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தோன்றின. அங்குப் பயிற்சி பெற்ற கண் உதவியாளர் சோதித்துப் படமெடுத்து அனுப்ப, நகரிலிருக்கும் மருத்துவர் கணினித் திரையில் நோயாளியோடு உரையாடுகிறார்.

இருப்பினும் வராதவருள் பெண்கள் மிகுதி. குடும்பத்தில் அனைவரின் வேலையும் முடிந்தபிறகே மூதாட்டியின் கண் நினைவுக்கு வருகிறது. அவரும் தம் மங்கலைச் சொல்வதில்லை. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியை அழைக்கிறார். அரிசியில் கல் பொறுக்குவதை மருமகளிடம் விட்டுவிடுகிறார். படியிறங்கும்போது சுவரைத் தடவிக்கொள்கிறார். அவருக்குப் பார்வை குறைகிறது என்பதை அவ்வீட்டில் முதலில் அறியக்கூடியவர், நூல் கோத்துத் தரும் அந்தப் பேத்தி.

கற்பவை கற்றபின்...

1. ஆறு மீட்டர் தொலைவை அளந்து குறித்து, நாட்காட்டித் தாளின் எண்களை உங்கள் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் படிக்கச் செய்க. இரு கண்களுக்குமிடையே வேறுபாடு தோன்றினால் வீட்டாரிடம் கூறிக் கண் மருத்துவரைக் காணச் செய்க.

2. உங்கள் ஊரில் கண் குறித்து வழங்கும் நம்பிக்கைகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் எக்காலத்து மருத்துவத்தை ஒட்டி எழுந்திருக்கலாம் என வகுப்பில் கலந்துரையாடுக.